கடலுக்குள் இறங்குமுன்



ஹுத்தான் மெலிந்தாங்கில் பெர்னாம் ஆற்றங்கரைப் படகுத்துறைக்கு நம்மில் பலர் போயிருப்போம். மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆற்றுநீரில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது; அவ்வளவு சேறு. அந்தச் சேற்றைத்தான் ஆறு கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது. ஆகவே கடல் பக்கத்தில் இருந்தும் அதன் அடியை நாம் பார்த்ததில்லை. ரப்பரையும் தென்னையையும் செம்பனையையும் அறிந்த அளவுக்கு நாம் கடலை அறியோம்.

இப்போது காலம் மாறிவிட்டது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, மணிக்கணக்கில் பவளப் பாறைகளுக்கிடையே நீந்துகிறார்கள். இதற்கு ஸ்கூபா என்று பெயர். ரெடாங், தியோமான் போன்ற தீவுகளில் பணம் கட்டினால் சிலிண்டர், படகு, வழிகாட்டி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கவலை முழுவதும் கடைக்காரருடையது. ஆனால் கடையும் இல்லை, மருத்துவரும் இல்லை, குடிநீரும் இல்லை என்ற ஒரு கரைக்குத் தாமாகவே சென்று மூழ்கிவர வேண்டுமானால்? அப்படிப் போனவர்கள் என்ன ஏற்பாட்டோடு போனார்கள்? அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். அது சிலிண்டரோடு தொடங்கிய வரலாறு அன்று. அதன் முதல் ஏடுகள் நம்மவர் எழுதியவை.

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று சில ஊர்கள் உண்டு. வறண்ட மணல், முட்புதர், சுடும் வெயில். அந்தக் கரைக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி விளையும் மேடுகள் இருந்தன. அவற்றைப் 'பார்' என்பார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. மறுகரையில், தமிழகத்தில், தூத்துக்குடியை ஒட்டியும் இப்படிப் பார்கள் உண்டு. சங்க காலத்துக் கொற்கை முத்துக்குப் புகழ்பெற்ற துறைமுகம் என்பதை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலே படிக்கிறார்கள்.

முத்து நெல்லைப்போல ஆண்டுதோறும் விளைவதில்லை. சிப்பிகள் வளர்ந்து முதிரும் தருணத்தில் கடலடி மணல் புரண்டு மூடிவிடும். அல்லது பெருமீன்கள் மேய்ந்துவிடும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு எதுவும் கிடைக்காமல் போனதும் உண்டு. ஆகையால் 'வாருங்கள், மூழ்குவோம்' என்று யாரும் நினைத்தவுடன் புறப்பட முடியாது. முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே படகில் சென்று பார்களைச் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளிடம் காட்டி மதிப்பிடுவார்கள். செலவுக்குக் கட்டும் என்று கணக்குச் சொன்ன பிறகே அறிவிப்பு வரும். இன்ன நாள், இன்ன கரை, இத்தனை படகு என்று தமிழிலும் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்புவார்கள். இந்த மூழ்கும் பருவத்துக்குச் 'சலாபம்' என்று பெயர்.

பருவம் என்று சொன்னோம். அது பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்காத இடைவெளி. அப்போதுதான் கடல் அடங்கிக் கிடக்கும். நீரும் தெளிவாக இருக்கும். இந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் மறு ஆண்டுதான். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் இதற்கு வருவோம்.

அறிவிப்பு வந்ததும் அந்த வெறுங்கரையில் ஒரு நகரம் எழும். தென்னங்கீற்றும் பனையோலையும் கம்பும் கொண்டு தெருத்தெருவாகக் குடிசைகள். கச்சேரி, நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, தபால் தந்தி நிலையம், சந்தை எல்லாம் சில வாரங்களுக்கு மட்டும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து பரதவரும் முஸ்லிம்களும் வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும், ஏன், அரபு நாட்டிலிருந்தும் மூழ்குவோர் வருவார்கள். 1905-இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபம்தான் எல்லாவற்றிலும் பெரியது. முந்நூறுக்கு மேற்பட்ட படகுகள், ஏறத்தாழ 5,000 மூழ்குவோர். எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அரசுக்குக் கிடைத்த வருமானம் 25 லட்சம் ரூபாய் அளவு. குடிசை நகரில் பல்லாயிரக்கணக்கான மக்கள்.

இத்தனை பேருக்கும் முதல் தேவை என்ன? முத்தா? இல்லை, தண்ணீர். அந்தக் கரையில் நல்ல கிணறு அரிது. எங்கிருந்து நீர் கொண்டுவருவது, எங்கே தேக்குவது, யார் காவல் என்பது முதற்கேள்வி. இரண்டாவது, கழிவு. சிப்பிகளைக் 'கொட்டு' என்னும் வேலியடைப்பில் குவித்து அழுகவிடுவார்கள். கோடிக்கணக்கான சிப்பி அழுகும் நாற்றத்தையும் மொய்க்கும் ஈக்களையும் நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, காலரா. சலாபத்தின் நடுவே நோய் பரவி, முத்து மிச்சமிருக்கக் கரையைக் காலி செய்துவிட்டுப் போக நேர்ந்ததும் உண்டு. ஆகவே மருத்துவரும் மருந்தும் மூழ்குவோருக்கு முன்பே அங்கு போய்ச் சேரவேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனம் வரவில்லை. இதே மன்னார்க் கரையில்தான் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் இனத்தவர் இறங்கினார்கள். 1840-களில் அவர்கள் அங்கிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். நீரின்றியும் காய்ச்சலாலும் காலராவாலும் வழியிலே மாண்டவர்கள் ஏராளம். முத்தெடுக்க வந்தவனுக்கு நீர்த்தொட்டியும் மருத்துவமனையும் கிடைத்தன. காடு வெட்ட வந்தவனுக்கு நெடுங்காலம் எதுவும் கிடைக்கவில்லை. காலம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் முத்து அரசின் நேரடி வருமானம், கூலியாள் அப்படியல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கடலுக்கு வருவோம். படகுகள் இரவிலே கரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும். பொழுது விடியும்போது பாருக்கு மேலே நிற்கும். சைகை கிடைத்ததும் மூழ்குதல் தொடங்கும், நண்பகலில் முடியும். பிறகு எழும் கடற்காற்றிலே பாய் விரித்துக் கரைக்குத் திரும்புவார்கள். போகவும் ஒரு காற்று, வரவும் ஒரு காற்று! எரிபொருள் செலவில்லை, ஆனால் நேரம் தவறினால் நடுக்கடலில் நிற்கவேண்டியதுதான்.

மூழ்குபவன் ஒரு கல்லின் மேல் காலை வைத்துக்கொள்வான். 15 முதல் 20 கிலோ வரை கனமுள்ள கல். இடுப்பிலோ கையிலோ ஒரு கயிற்றுப் பை. மூச்சை இழுத்துக்கொண்டு கயிற்றைத் தளரவிட்டால் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல் அவனைக் கொண்டுபோய்விடும். ஒரு பாகம் என்பது ஆறடி. அடியில் அவன் இருப்பது ஒரு நிமிடம் அளவே. அதற்குள் சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான்.

அந்த மேலே இருப்பவன்தான் 'மண்டக்கு'. ஒவ்வொரு மூழ்குபவனுக்கும் ஒரு மண்டக்கு உண்டு. அவன் நீரில் நனைவதில்லை, முத்தைத் தொடுவதில்லை. ஆனால் கயிற்றின் ஒவ்வோர் அசைவும் அவனுக்குப் பேச்சு. இழுக்கப் பிந்தினால் கீழே இருப்பவன் பிணம். அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஒரு வழக்கு சொல்வார்கள். அக்காளோ தங்கையோ தாலியிழக்கக்கூடாது என்று அவனுக்குத்தானே மற்றவரைவிட அக்கறை இருக்கும்! எல்லாப் படகிலும் மச்சானே கயிறு பிடித்தான் என்பதற்கில்லை. ஆனால் யாரிடம் உயிரைக் கொடுப்பது என்று யோசித்துத் தேர்ந்தார்கள் என்பதற்கு இந்தப் பேச்சே சான்று.

இன்னொருவரும் இருந்தார், 'கடற்கட்டி' என்று. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே, முத்தெடுப்பவர்கள் மீனை மயக்குவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவருக்கு ஊதியம் கொடுத்தார்கள். ஏனெனில் இவர் இல்லாமல் மூழ்குவோர் இறங்க மறுத்தார்கள். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்படுமா என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் இதில் நாம் வேறொன்றையும் காண்கிறோம். 'இன்று இறங்காதே' என்று சொல்ல உரிமை பெற்ற ஒருவர் கரையில் இருந்தார். சம்மாட்டியின் பணமும் அதிகாரியின் அவசரமும் அவர் சொல்லை மீற முடியவில்லை. மந்திரம் பொய்யாக இருக்கலாம். அந்த உரிமை வீணானதன்று.

கிடைத்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. படகினருக்கு ஒரு பங்கு. பிரிட்டிஷ் அரசு 1906-இல் பார்களை ஒரு கம்பெனிக்கு இருபதாண்டு குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லை, கம்பெனி கலைந்தது. தமிழகக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அதோடு சரி. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது.

இனிச் சிலிண்டருக்கு வருவோம். 1943-இல், போர்க்காலப் பிரான்சில், கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் காக்னானும் சேர்ந்து ஒரு வால்வைச் செய்தார்கள். இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும் வால்வு அது. இதனால் கயிறும் மண்டக்கும் இல்லாமல் மனிதன் மீனைப்போல நீந்த முடிந்தது. 

இந்தக் கருவியோடு 1956-இல் இலங்கைக்கு வந்து தங்கினார்கள் இரண்டு ஆங்கிலேயர்கள்: எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அவர் நண்பர் மைக் வில்சன். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் மலைக்கு அடியில் மூழ்கிப் பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. வில்சன் கடலடியில் கண்டெடுத்த லிங்கமே இன்று கோயிலில் வழிபடப்படுகிறது என்று சொல்கிறார்கள். பிற்காலத்தில் வில்சனே காவி உடுத்துச் சாமியாராகிவிட்டார்! 

ஆனால் நம் பொருளுக்கு உகந்தது அவர்களுடைய மற்றொரு பயணம். இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, கிரிந்தை என்னும் மீனவ ஊரிலிருந்து பல கல் தொலைவில், கடல் நடுவே ஒரு பாறைத்தொடர். சிங்களத்தில் அதற்கு மகா ராவணன் கோட்டை என்று பெயர். கப்பல்களைக் காக்க 1873-இல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பினார்கள். அதைத் தவிர வேறெதுவும் இல்லை. அலை ஓயாது மோதும் இடம். ஆண்டில் சில வாரங்களே அங்கே இறங்க முடியும். எப்போது? வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுமுன். முத்துச் சலாபத்தின் அதே இடைவெளிதான்! கருவி புதிதானாலும் பஞ்சாங்கம் பழையது.

1961-இல் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் படம் பிடிக்க அங்கு சென்றார். தேடாமலே ஒரு சிறு பீரங்கியும், கட்டிகட்டியாய் ஒட்டிப்போன வெள்ளிக் காசுகளும் கண்ணில் பட்டன. சூரத் நகர அச்சுச்சாலையில் ஔரங்கசீப் காலத்தில் அடித்த ரூபாய்கள். ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702 என்ற ஆண்டு பொறித்தவை. மூட்டையின் துணி மட்கிப்போனாலும் காசுகள் மூட்டை வடிவத்திலேயே இறுகியிருந்தன.

வேறொருவராக இருந்தால் மறுநாளே ஆள்சேர்த்துக்கொண்டு ஓடியிருப்பார். இவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். இடையில் 1962-இல் கிளார்க் கைகால் செயலற்றுப் படுக்கையில் விழுந்தார். 1963-இல், அவர் முழுக்கக் குணமாகாத நிலையில், 'ரன் முத்து' என்ற தங்கள் சொந்தப் படகோடு பயணம் புறப்பட்டது. இலங்கையின் சிறந்த மூழ்குநர் ராட்னி ஜொங்கிளாசும், துருக்கிக் கடலில் பழங்கப்பல் ஆய்வில் பேர்பெற்ற அமெரிக்கர் பீட்டர் திராக்மார்டனும் உடன் சேர்ந்தனர். கண்டதைப் பறிக்காமல், முதலில் அளந்து வரைபடம் போடவேண்டும் என்பது திராக்மார்டன் கொண்டுவந்த ஒழுங்கு. அந்தக் கப்பலின் பெயர் கடைசிவரை தெரியவரவில்லை. இந்தப் பயணத்தைப் பற்றிக் கிளார்க் எழுதிய நூல் 1964-இல் வெளிவந்தது.

இப்படிப்பட்ட கரைக்குப் போகிறவர்கள் என்னென்ன கொண்டுபோக வேண்டும்? தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்குத் தோட்டத்திலிருந்து லாரி பேசிப் போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, சட்டி, பாய், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வரை வீட்டுப் பெண்கள் முதல்நாளே கட்டிவைப்பார்கள். இதுவும் அப்படித்தான், ஒன்றே ஒன்று கூடுதல். மூச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. மெதுவாக நீந்துபவனுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு மணிநேரம் வருமே என்று தோன்றும். வராது. நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றும் மூன்று மடங்கு செலவாகும். நிமிடத்துக்கு 60 லிட்டர்! ஆபத்துக்கென்று கால் பங்கான 600 லிட்டரைத் தொடாமல் வைத்தால், மீதி 1,800 லிட்டர் அரைமணி நேரந்தான் காணும். மேலேறிவரும் நேரமும் அதற்குள் அடங்கவேண்டும். ஒருநாளில் இரண்டு முறை, நான்கு பேர், பத்து நாள் என்றால் 80 சிலிண்டர் காற்று. அவ்வளவையும் சுமக்க முடியாது. ஆகவே காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் எந்திரத்தையே கொண்டுபோக வேண்டும். அதற்கு எரிபொருள், மாற்று உறுப்புகள், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர். எந்திரம் காற்றை இழுக்கும் வாய், அதன் புகைபோக்கிக்கு எட்டத்தில், காற்று வரும் திசையில் இருக்கவேண்டும். புகை உள்ளே போனால் சிலிண்டரில் நஞ்சு ஏறிவிடும். மணமும் நிறமும் இல்லாத நஞ்சு. மேலே தெரியாது, கீழே போனபின் மயக்கந்தான்.

மண்டக்கு இங்கும் வேண்டும். கயிறு இல்லாவிட்டாலும், யார் எத்தனை மணிக்கு இறங்கினார், எவ்வளவு ஆழம், எப்போது வரவேண்டும் என்று படகில் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். கரையில் இன்னொருவரிடம், 'இன்ன நேரத்துக்குள் நாங்கள் திரும்பாவிட்டால் இன்னாருக்குச் சொல்' என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

மூச்சடக்கி மூழ்கிய நம் முன்னோருக்கு இல்லாத ஓர் ஆபத்து சிலிண்டரோடு வந்தது. முத்துக் குளிப்பவன் மூச்சை அடக்கினால் பிழைப்பான். சிலிண்டரோடு போனவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். இன்னொன்று, அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழியாகக் கிளம்பும். மூட்டில் தங்கினால் தாங்கமுடியாத வலி. முதுகுத்தண்டில் தங்கினால் கால் விழுந்துவிடும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்பதற்கு ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1908-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

அந்த அட்டவணை போகாத இடங்களுக்குச் சிலிண்டர் போய்விட்டதுதான் துயரம். இலங்கைக் கடலோரங்களில் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் மீனவர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். கடலட்டைக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்குப் போய்வருவார்கள். பயிற்சியில்லை, ஆழங்காட்டும் கருவியில்லை. கால் மரத்து, நடக்க முடியாமல் போன இளைஞர்கள் பலர். முத்துச் சலாபத்தில் படகுக்குப் படகு ஒரு மண்டக்கும், கரையில் மருத்துவரும், 'நில்' என்று சொல்ல ஒருவரும் இருந்தார்கள். இவர்களுக்குச் சிலிண்டரை விற்றவர் அதில் ஒன்றையும் சேர்த்து விற்கவில்லை.

கால் விழுந்தவரை உடனே அழுத்த அறைக்குள் வைத்து, மறுபடி அழுத்தத்தை ஏற்றி, மெல்ல மெல்ல இறக்கினால் பலர் குணமடைவார்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணிநேரமும் நோயாளிக்கு நட்டம். ஆகவே ஒதுக்குப்புறக் கரைக்குப் போகிறவர்கள், அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, அங்கே போகப் படகும் வண்டியும் எத்தனை மணிநேரம் எடுக்கும் என்று புறப்படுமுன் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். இதுவும் நம் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது: லுமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனையில். பெர்னாம் ஆற்றுச் சேறு கலையாத இடத்திலிருந்து வடக்கே போனால், புலாவ் செம்பிலான் தீவுகளைத் தாண்டி, அதே கரையில்.